கொலையில் தொடங்காதீர்கள், முறைப்பாட்டில் தொடங்குங்கள்: மட்டக்களப்பில் ஒரு குற்றத் தொடர் எழுதுவது

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று நம் பக்கத்தில் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். கமரா இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது, எடிட் செய்யவும் தெரியும். ஆனால் குற்றக் கதை எழுத உட்கார்ந்தவுடன் கதை கப்பலேறிச் சென்னைக்குப் போய்விடுகிறது. கல்லடியில் கிடந்த உடலுக்கு எஃப்ஐஆர் போடுகிறார்கள். '302ல உள்ள தள்ளிருவேன்' என்று இன்ஸ்பெக்டர் உறுமுகிறார். நீதிபதி சுத்தியலால் மேசையில் தட்டுகிறார். எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) இந்திய வழக்கம், 302 இந்தியாவின் பழைய தண்டனைச் சட்டத்தில் கொலைக்குரிய பிரிவு. இலங்கையில் கொலைக்குரியது தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு. முறைப்பாடு பொலிஸ் நிலையத்தின் தகவல் புத்தகத்தில் பதியப்படுகிறது. சனங்கள் அதை 'எண்ட்ரி போட்டாச்சு' என்பார்கள். நம் நீதிமன்றங்களில் சுத்தியல் அடிக்கும் வழக்கமும் இல்லை.

பார்ப்பவர்களில் ஒருவராவது பொலிஸ் நிலைய வாங்கில் அரைநாள் காத்திருந்தவராக இருப்பார். ஒருவராவது விளக்கமறியலில் இருக்கும் பிள்ளைக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோனவராக இருப்பார். எழுதியவர் அந்த இடங்களை மிதிக்கவில்லை என்பது அவர்களுக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு கொலைகாரன் யார் என்று அறியும் ஆவல் அவர்களுக்கு எப்படி வரும்?

உலகத் தொலைக்காட்சியில் குற்றத் தொடர் எழுதிப் பெயர் எடுத்தவர்களின் தொழில் வரலாற்றைப் பார்த்தால், ஏதோ ஒரு வேலைத்தலத்தை உள்ளிருந்து அறிந்தவர்களே அதிகம். டேவிட் சைமன் 1982 முதல் 1995 வரை அமெரிக்காவின் 'பால்டிமோர் சன்' பத்திரிகையில் குற்றச் செய்தியாளர். 1988இல் ஒரு வருடம் முழுக்க நகரத்தின் கொலை விசாரணைப் பிரிவுடன் இருந்து பார்த்தார். அது 1991இல் புத்தகமாகி, 1993இல் என்பிசி தொலைக்காட்சியில் 'ஹொமிசைட்' தொடரானது. பின்னர் அவர் உருவாக்கிய 'த வயர்' தொடரில் அவரோடு தோளோடு தோள் நின்று எழுதிய எட் பேர்ன்ஸ், கொலை விசாரணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, பிறகு பாடசாலை ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். பிரிட்டனில் 'லைன் ஒஃப் டியூட்டி' எழுதிய ஜெட் மேர்க்கூரியோ மருத்துவராக இருந்தவர். 1986இல் 'எல்.ஏ. லோ' தொடரை ஸ்டீவன் பொச்கோவுடன் உருவாக்கிய டெரி லூயிஸ் ஃபிஷர் அரச தரப்பு வழக்குத்தொடுநராக இருந்தவர். பொச்கோ தன் அளவில் ஸ்டூடியோ எழுத்தாளர்தான், பொலிஸ் அனுபவம் இல்லாதவர். அதனால்தான் 'என்வைபிடி ப்ளூ' தொடருக்கு பில் கிளார்க் என்ற நியூயோர்க் துப்பறிவாளரை ஆலோசகராக வைத்துக்கொண்டார். அந்தத் துப்பறிவாளர் கடைசியில் அதன் தயாரிப்பாளர்களில் ஒருவராகவே ஆனார்.

அறிந்தவர் எழுதும்போது சட்டத்தின் ஒரு சின்னத் தேவையே கதையை நகர்த்தும். தொலைபேசியை ஒட்டுக்கேட்க அமெரிக்காவில் நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டும்; மற்ற விசாரணை வழிகள் பலன் தரவில்லை, அல்லது தரப்போவதில்லை என்று அதற்குக் காட்டியாக வேண்டும். 2002இல் தொடங்கி 2008 வரை 60 அத்தியாயம் ஓடிய 'த வயர்' தொடரின் முதல் பருவம் பெரும்பாலும் அந்த ஒரு தடையைச் சுற்றியே கட்டப்பட்டது. வெளியாள் எழுதியிருந்தால் அது ஒரு வரியில், 'பர்மிஷன் வந்துட்டுது சேர்' என்று முடிந்திருக்கும்.

எழுத்தாளர் ஏன் தயாரிப்பாளராகவும் ஆகிறார் என்பது நம்மவர்களுக்கு அவ்வளவாகப் புரிவதில்லை. நம்மிடம் தயாரிப்பாளர் என்றால் காசு போடுகிறவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது எழுத்தாளரின் பதவி உயர்வு ஏணி: ஸ்டாஃப் ரைட்டர், ஸ்டோரி எடிட்டர், கோ-புரொடியூசர், புரொடியூசர், சுப்பர்வைசிங் புரொடியூசர், கோ-எக்சிகியூட்டிவ் புரொடியூசர், எக்சிகியூட்டிவ் புரொடியூசர். மேலே போகப் போக எழுதுவதோடு நடிகர் தேர்வு, இடத் தேர்வு, செலவு, எடிட் எல்லாம் கைக்கு வரும். உச்சியில் இருப்பவரை ஷோரன்னர் என்கிறார்கள். நம் கூத்தில் அண்ணாவியார் கொப்பியை வைத்திருப்பார், ஆட்டம் பழக்குவார், யாருக்கு எந்த வேடம் என்று தீர்ப்பார், அரங்கேற்றத்தன்று மத்தளமும் அவர் கையில்தான். ஷோரன்னரின் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

இந்த ஏணியில் ஏறுவது படப்பிடிப்பில் நின்று பழகுவதால்தான். சைமன் முதலில் 'ஹொமிசைட்' தொடருக்கு வெளியில் இருந்து டேவிட் மில்ஸுடன் சேர்ந்து ஓர் அத்தியாயம் எழுதினார். பத்திரிகையை விட்ட பிறகு அதே தொடரின் எழுத்தாளர் குழுவில் சேர்ந்து, அதன் ஷோரன்னர் டொம் ஃபொன்டானாவின் கீழ் தயாரிப்பு வேலையையும் பழகினார். அந்தப் பழக்கம் இல்லாமல் 'த வயர்' வந்திருக்காது. 2023இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கான காரணங்களில் ஒன்றும் இதுவே: நிறுவனங்கள் சிறு குழுவை வைத்து எழுதி வாங்கிக்கொண்டு, படப்பிடிப்பு தொடங்கும் முன்னரே எழுத்தாளர்களை அனுப்பிவிட்டன, இளையவர்கள் தயாரிப்பைக் கற்க வழி அடைபட்டது. முடிவில் வந்த ஒப்பந்தத்தில் குழுவின் குறைந்தபட்ச அளவு எழுத்தில் வந்தது. 13 அத்தியாயமோ அதற்கு மேலோ என்றால் ஆறு எழுத்தாளர்.

வடிவத்துக்கு இரண்டு மாதிரி. 1981 ஜனவரியில் என்பிசியில் தொடங்கிய 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்', பொச்கோவும் மைக்கேல் கொசோலும் உருவாக்கியது. ஒரே அத்தியாயத்தில் நாலைந்து கதை. சில அன்றே முடியும், சில வாரக்கணக்கில் ஓடும். கையில் பிடித்த கமரா, ஒருவர் பேசும்போதே பின்னால் இன்னொருவர் பேச்சு. முதல் பருவத்தில் பார்த்தவர்கள் குறைவு, கிடைத்த எமி விருது எட்டு. மற்றது டிக் வுல்ஃபின் 'லோ அண்ட் ஓடர்', 1990 செப்டெம்பரில் தொடங்கியது. விளம்பர எழுத்தாளராக இருந்து 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' குழுவுக்குள் வந்தவர் அவர். முதல் பாதி பொலிஸ், மறுபாதி வழக்குத்தொடுநர், ஒவ்வொரு அத்தியாயமும் தனியாக முடிந்துவிடும். எந்த ஒழுங்கிலும் மறுஒளிபரப்பலாம் என்பதால் அந்த வடிவம் பல வருடம் காசு தந்தது.

நமக்கு எது பொருந்தும்? வுல்ஃபின் வடிவம் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே கொலை வழக்கு ஒன்று நீதவான் நீதிமன்றத்தில் ஆரம்பித்து, கோப்பு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், குற்றப்பத்திரம் மேல் நீதிமன்றத்தில் தாக்கலாகி, வழக்கு விளக்கம் தொடங்கும்போது வருடங்கள் போயிருக்கும். கைது செய்த அதிகாரி இடம் மாறியிருப்பார், சாட்சி கட்டாருக்குப் போயிருப்பார், அன்று பத்து வயதுப் பிள்ளை இன்று உயர்தரம் எழுதிக்கொண்டிருக்கும். இந்தத் தாமதத்தை மறைக்க முயலாமல் அதையே முதுகெலும்பாக எடுங்கள். எட்டு அத்தியாயம் என்றால் நான்கு அன்று நடப்பவை, மற்ற நான்கும் ஆறு வருடத்துக்குப் பிறகு நடப்பவை.

ஒரு உதாரணத்தை எடுத்து நடைமுறையோடு போவோம். மண்முனைப் பாலத்துக்கு அருகே வாவியில் ஒரு ஆணின் உடல் மிதக்கிறது. காலையில் வலை எடுக்கப் போன தோணிக்காரர் காண்கிறார். கிழக்குக் கரை காத்தான்குடிப் பொலிஸ் பிரிவு, மேற்குக் கரை கொக்கட்டிச்சோலைப் பிரிவு. நடுவில் மிதக்கும் உடல் எந்தப் பொறுப்பதிகாரியின் தலையில் விழும் என்பதே முதல் காட்சிக்குப் போதும்.

நம் ஊர் வெப்பத்தில் மூழ்கிய உடல் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் மேலே வரும். ஆகவே கதையில் காணாமல் போன நாளை மிதந்த நாளில் இருந்து பின்னோக்கி எண்ணி வையுங்கள். நேற்று இரவு விழுந்தவரை இன்று விடிய மிதக்க வைத்தால், பார்க்கிற மீனவர் சிரிப்பார். கை கால் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். இன்னும் சில நாள் போனால் தோலே கழன்று வரும், கைரேகை எடுப்பது பெரும்பாடு. கண்ணிமை, உதடு, காது போன்ற மெல்லிய இடங்களை நண்டும் மீனும் அரித்திருக்கும். கரையில் நிற்கும் சனம் அதைச் சித்திரவதை என்று பேசும், பின்னேரத்துக்குள் பேஸ்புக்கில் படமும் வந்துவிடும். சட்ட வைத்திய அதிகாரி, இறந்த பிறகு ஏற்பட்ட காயம் என்பார். இந்த இரண்டு கூற்றுக்கும் இடையில் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

பொலிஸ் வந்ததும் தகவல் நீதவானுக்கோ திடீர் மரண விசாரணை அதிகாரிக்கோ போகும். சந்தேகம் இருந்தால் நீதவான் நேரில் வந்து பார்வையிடுவார். குற்றத்தடயப் பிரிவினர், சனங்களின் வாயில் 'சோகோ', படமும் அளவும் எடுப்பார்கள். உடல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு, பிரேத பரிசோதனைக்கு. உறவினர் ஒருவர் அடையாளம் காட்ட வேண்டும். சட்ட வைத்திய அதிகாரி எடுத்த மாதிரிகளும் சான்றுப்பொருட்களும் முத்திரையிட்டு, நீதிமன்ற உத்தரவோடு அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்குக் கொழும்புப் பக்கம் போகும். அறிக்கை திரும்ப வாரங்கள், சிலவேளை மாதங்கள். 'டிஎன்ஏ ரிப்போர்ட் வந்துட்டு' என்ற வசனத்தை மறுநாள் காட்சியில் வைக்காதீர்கள். அந்தப் பொதி யார் யார் கையால் போனது, முத்திரை எங்கே உடைந்தது என்று எதிர்த்தரப்பு லோயர் பிறகு கேட்பார். அதற்கான விதையை இப்போதே ஒரு ஷொட்டில் தூவி வையுங்கள்.

உடலைக் கையளிக்கும்போது இன்னொரு சிக்கல். மரணத்தில் சந்தேகம் என்றால் எரிக்காமல் புதைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். மறுபடி தோண்டிப் பார்க்க வேண்டி வரலாம். தகனம் செய்கிற குடும்பத்துக்கு அது பெரிய வேதனை. முஸ்லிம் குடும்பம் என்றால் ஜனாஸாவைத் தாமதமில்லாமல் அடக்க வேண்டும், அங்கே பிரேத பரிசோதனைக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் வலி. வைத்தியசாலைப் பிணவறை வாசலில் நிற்கும் மைத்துனர், சாச்சா, கிராம சேவகர், பள்ளிவாசல் தலைவர், இவர்களை வைத்து எழுதக்கூடிய காட்சியை எந்த வெளிநாட்டுத் தொடரும் உங்களுக்குச் சொல்லித் தராது.

பிறகு கைது. சந்தேகநபரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், கூடவே 'பி அறிக்கை', அதாவது வழக்கின் விபரத்தைப் பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை. அந்த 24 மணித்தியாலம் உங்கள் கடிகாரம். வெள்ளி பின்னேரம் பிடித்தால் நீதவானின் வாசஸ்தலத்துக்குக் கொண்டுபோவார்கள், அதையும் பயன்படுத்தலாம். கொலைச் சந்தேகநபருக்குப் பிணை கொடுக்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே. அடையாள அணிவகுப்பு நீதவான் முன்னிலையில் நடக்கும். அதற்கு முன் யாராவது சந்தேகநபரின் முகத்தைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டால் அணிவகுப்பின் மதிப்பு கெட்டுவிடும். தான் பிடித்த வழக்கு, ஊருக்கு நல்லது செய்ய நினைத்த ஒரு தம்பியின் ஃபோனால் சரிவதை ஒரு பொறுப்பதிகாரி பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எழுதிப் பாருங்கள்.

சினிமாவில் இருந்து வரும் மிகக் கெட்ட பழக்கம், அறைந்து உண்மை கக்க வைக்கும் காட்சி. நம் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாதாரண வழக்கில் சான்றாகாது. 27ஆம் பிரிவின் கீழ், அவர் சொன்னதைக் கொண்டு கத்தியோ ஃபோனோ கண்டெடுத்தால், கண்டெடுப்போடு தொடர்புள்ள பகுதி மட்டும் உள்ளே வரும். அதாவது அடித்து வாங்கிய ஒப்புதலில் கதை முடியாது. மேலும் சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி தனிக் குற்றம், குறைந்தது ஏழு வருடச் சிறை. நாயகன் அடிக்கிற காட்சிக்குக் கைதட்டல் இசை போடுகிறவர், இந்த மண்ணில் அந்த அடி வாங்கிய குடும்பங்கள் எத்தனை தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றன என்று யோசிக்க வேண்டும்.

எலும்புக்கூட்டில் கதையைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள். மேலைநாட்டுத் தொடரில் காணியைத் தோண்டும்போது வரும் எலும்பு ஒரு புதிர். வாகரையிலோ சம்மாந்துறையிலோ திருக்கோவிலிலோ கிணறு வெட்டும்போது எலும்பு வந்தால், பார்க்கிற தாய்க்கு முதலில் வருவது தன் பிள்ளையின் ஞாபகம். 2016இல் காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது; குடும்பங்கள் இன்றும் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அப்படியான காட்சி எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. எழுதினால், அந்த எலும்பு யாருடையது என்ற கேள்விக்கு ஊரே வந்து நிற்பதையும் எழுத வேண்டும். அதைத் திருப்பத்துக்காக மட்டும் பயன்படுத்திவிட்டு அடுத்த காட்சிக்குப் போவது கொடுமை.

மொழியும் வழக்கின் ஒரு பகுதி. தோணிக்காரர் தமிழில் சொன்னதை அதிகாரி சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கினாரா, வாசித்துக் காட்டினாரா? ஆறு வருடத்துக்குப் பிறகு மேல் நீதிமன்றத்தில் 'நான் அப்படிச் சொல்லல்ல' என்று அவர் சொல்லும்போது குறுக்கு விசாரணையின் எடை முழுக்க அதில்தான். பேச்சு வழக்கை அந்த ஊர்க்காரரிடம் கேட்டுச் சரிபாருங்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பேசுவது ஒரு மாதிரி, காத்தான்குடியில் ஒரு மாதிரி, பொத்துவிலில் வேறு மாதிரி. தோணிக்காரரிடம் ஒரு கான்ஸ்டபிள் விசாரிக்கும் காட்சி இப்படி இருக்கலாம் ('ஒள்ளுப்பம்' என்றால் கொஞ்சம், 'மறுகா' என்றால் பிறகு):

'எத்தின மணிக்குக் கண்டீங்க?'
'விடியச் சாமம் சேர். ஒள்ளுப்பம் இருட்டு. மரக்குத்தி எண்டுதான் நினைச்சன்.'
'மறுகா?'
'மறுகா கிட்டப் போனன். சட்டை தெரிஞ்சிது.'
'இஞ்ச வரக்குள்ள ஏழு மணி. அதுவரைக்கும் என்ன செஞ்ச நீங்க?'
'வலைய எடுத்துப்போட்டு வந்தன் சேர்.'

இருபத்தைந்து வயதுக் கான்ஸ்டபிளை அறுபது வயதுக்காரர் 'சேர்' என்கிறார். அதே பையனைச் சந்தையில் கண்டால் 'தம்பி' என்பார். அதை யாரும் விளக்க வேண்டாம், இரண்டு காட்சியிலும் அப்படியே எழுதினால் போதும். முக்கியமானது, கண்டதற்கும் சொன்னதற்கும் இடையில் உள்ள இரண்டு மணித்தியாலம். வலையை விட்டுவிட்டு வந்தால் அன்றைய உழைப்பு போய்விடும், அது அவருடைய நியாயம். பொலிசுக்கு அது சந்தேகம். நல்ல குற்றத் தொடரில் ஒவ்வொரு விசாரணைக் காட்சியிலும் இப்படி ஒருவருக்கு இயல்பானது மற்றவருக்குக் குற்றமாகத் தெரிய வேண்டும்.

எழுதும் ஒழுங்கு. முதலில் வழக்கை நடந்த வரிசையில் எழுதுங்கள்: யார், எப்போது, ஏன், எதை மறைத்தார். இரண்டு பக்கம். இது யாருக்கும் காட்டாத காகிதம். அடுத்து விசாரணையின் வரிசை: எந்தத் தகவல் எந்த நாளில் யாரிடம் வருகிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் எழுதுவதால்தான் ஐந்தாம் அத்தியாயத்தில் துப்பு வானத்தில் இருந்து விழுகிறது. பிறகு ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு அட்டையில் ஒரு வரியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வழக்கு ஒரு நிறம், குடும்பம் ஒரு நிறம், பொலிஸ் நிலையத்துக்குள் நடப்பது ஒரு நிறம். ஒரு நிறம் தொடர்ந்து நாலு அட்டை வராமல் இருந்தால் அந்தக் கதை செத்துவிட்டது என்று பொருள். சுவர் சரியான பிறகுதான் ஸ்கிரிப்ட்.

25 நிமிட அத்தியாயத்துக்கு 16 முதல் 20 காட்சி போதும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற ஹொலிவூட் கணக்கை நம்பாதீர்கள். அது ஆங்கிலத்துக்கும் கூரியர் எழுத்துருவுக்கும் உரியது. தமிழில் சொல் நீளம், எழுத்தளவும் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு பேர் உட்கார்ந்து சத்தமாக வாசித்து, ஃபோனில் நேரம் எடுத்து, நடந்து வரும், கதவு திறக்கும் நேரத்தையும் கூட்டி ஒவ்வொரு காட்சியின் தலையிலும் எழுதி வையுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள். எழுத்துரு இல்லாத ஃபோனில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், நடிகர் வாசிக்காமல் வருவார். யூனிகோட்தான்.

படப்பிடிப்பு தொடங்கியதும் காட்சி எண்களைப் பூட்டிவிடுங்கள். 12க்கும் 13க்கும் நடுவில் புதுக் காட்சி வந்தால் அது 12அ. நீக்கிய காட்சியின் எண்ணுக்கு எதிரே 'நீக்கம்' என்று எழுத வேண்டும், பின்னால் உள்ளவற்றை நகர்த்தக்கூடாது. அமெரிக்காவில் திருத்திய பக்கங்களை முதலில் நீலம், பிறகு ரோஸ், பிறகு மஞ்சள், பச்சை என்று நிறக் காகிதத்தில் கொடுப்பார்கள். வட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பும் நமக்கு நிறத்தைவிடக் கோப்பின் பெயர் முக்கியம். கோப்பின் பெயரிலேயே திகதியும் திருத்த எண்ணும் இல்லாவிட்டால் ஒருவர் பழைய வசனத்தோடு நிற்பார்.

செலவை எழுத்திலேயே கட்டுப்படுத்தலாம், அதுதான் எழுத்தாளர் தயாரிப்பாளராவதன் முதல் படி. எட்டு அத்தியாயம், 25 நிமிடம், மொத்தம் 200 நிமிடம். ஒரு நாளைக்கு 8 நிமிடம் எடுத்தால் 25 நாள். அமெரிக்க வலையமைப்புத் தொடர் ஒரு 42 நிமிட அத்தியாயத்துக்கு எட்டு நாள் எடுப்பது வழக்கம். நம் 8 நிமிடம் அதைவிட வேகம், ஆகவே இடம் மாறும் நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும். பொலிஸ் நிலையக் காட்சிகள் அனைத்தையும் ஒரே ஒழுங்கில் நாலைந்து நாளில் முடியுங்கள். பாவிக்காத பாடசாலைக் கட்டடம் ஒன்று போதும்: மேசை, நீள வாங்கு, தடித்த பதிவுப் புத்தகங்கள், மும்மொழிப் பெயர்ப்பலகை, 119 ஒட்டப்பட்ட சுவர். சீருடை, போலித் துப்பாக்கி, ட்ரோன் மூன்றுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தின் பிரதியை இடத்திலேயே வைத்திருங்கள். ட்ரோனுக்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. சீருடையோடு ஒருவர் தேநீர் குடிக்கக் கடைக்குப் போனாலே பிரச்சினை தொடங்கும்.

ஒலிதான் இங்கே அதிகம் கெடுவது. ஆடி மாதக் கச்சான் காற்று மைக்கை நிரப்பிவிடும், ரோம உறை இல்லாமல் வெளியில் போகாதீர்கள். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதுவிலோ எடுத்தால் அன்றைய ளுஹர், அஸர், மஃரிப் பாங்கு நேரங்களை கோல் ஷீட்டிலேயே (அன்றைய படப்பிடிப்பு ஒழுங்குத் தாள்) எழுதி, அந்த வேளையில் வசனமில்லாத ஷொட்டுகளை வையுங்கள். வைகாசி, ஆடியில் கோயில் திருவிழா ஒலிபெருக்கி எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று முதல் நாளே நடந்து பாருங்கள். மாரி தொடங்கும் ஐப்பசிக்கு முன் வெளிக்காட்சிகளை முடிப்பது நல்லது. வாவிக் காட்சிக்குக் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்றால் சூரியன் படுவான்கரைப் பக்கம் இறங்கும். மாலை ஐந்தில் இருந்து ஆறு வரைதான் உங்களுக்கு அந்த ஒளி. கதையில் உடல் காலையில் கண்டெடுக்கப்படுகிறதென்றால் அந்த மாலை ஒளியில் எடுத்து ஏமாற்றலாம் என்று நினைக்காதீர்கள், இந்த ஊர்ச் சனத்துக்குத் திசை தெரியும்.

தகவல் திரட்ட முதல் இடம் நீதிமன்றம். அரசியலமைப்பின்படி அமர்வுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ காலை ஒன்பதுக்கு முன் போய், ஃபோனை நிறுத்திவிட்டு, பின் வாங்கில் அமைதியாக உட்காருங்கள். பதிவு செய்யக்கூடாது. யார் எழுந்து நிற்கிறார், பெயர் எப்படிக் கூப்பிடப்படுகிறது, சிறைச்சாலை உத்தியோகத்தர் எங்கே நிற்கிறார், தவணை எப்படி ஒரே மூச்சில் போடப்படுகிறது என்று பார்த்துவிட்டு வெளியில் வந்து எழுதுங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கைக் கதையாக்காதீர்கள், நீதிமன்ற அவமதிப்பில் போய் முடியலாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக்கோவைப்படியே குற்றம். நம் ஊர் சின்னது, பாடசாலையின் பெயரும் தெருவும் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரித்தான்.

கடைசியாக உரிமை. 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' தொடரை உருவாக்கிய பொச்கோவையே 1985இல் செலவுத் தகராறில் தயாரிப்பு நிறுவனம் வெளியேற்றியது. தொடர் அவர் இல்லாமல் 1987 வரை ஓடியது. உருவாக்கியவர் என்ற பெயர் வேறு, உரிமை வேறு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை, வாழ்நாளுக்குப் பின்னும் 70 வருடம். ஆனால் நீங்கள் கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தால் போய்விடும். அலைவரிசைக்கோ யூடியூப் நிறுவனத்துக்கோ கொடுக்கும் முன் நாலு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: எத்தனை அத்தியாயத்துக்கு எவ்வளவு, எந்தத் தளங்களில் காட்டலாம், இரண்டாம் பருவத்தை வேறொருவரை வைத்து எழுதினால் உங்களுக்கு என்ன, திரையில் உங்கள் பெயர் எந்தச் சொல்லோடு வரும். வாய்ப் பேச்சில் 'பாத்துச் செய்வம் தம்பி' என்றால் அன்றைக்கு ஸ்கிரிப்டைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.

கொண்டுபோகும் பொதியில் ஒரு பக்கச் சுருக்கம், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அரைப் பக்கம், முதல் அத்தியாயத்தின் முழு ஸ்கிரிப்ட், இடங்களின் பட்டியல். இவற்றோடு மட்டக்களப்பு லோயர் ஒருவரும், சட்ட மருத்துவம் தெரிந்த ஒருவரும் அந்த முதல் அத்தியாயத்தை வாசித்துப் பென்சிலால் குறித்த பிரதி உங்கள் பையில் இருக்கட்டும். 'இது எங்கள் நாட்டில் இப்படித்தானா நடக்கும்?' என்று கொழும்பில் யாராவது கேட்டால் அதை எடுத்துக் காட்டலாம்.